சந்தைக்குப் போகும் வழியை எப்படிப் படமாக்குவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அக்கம்பக்கக் குழு சார்பில் ‘எல்லாரும் நடக்கும் வட்டாரம்’ என்று ஒரு சின்னப் படக் கண்காட்சி வைக்கப் போகிறீர்கள். குழுவில் யாருக்கும் வரையத் தெரியாது. ஏஐ செயலியில் படம் உருவாக்கிக்கொண்டால் போதுமா, எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு முட்டிவலி, அடுக்குமாடி புளோக்கிலிருந்து சந்தைக்குப் போக ஒரு நான்குதடச் சாலையைக் கடக்க வேண்டும், பச்சை விளக்கு அவருக்குப் போதவில்லை, படம் காட்டினால் இதெல்லாம் மாறுமா என்று. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். செயலி விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்வோம்.

நான் நிலவடிவமைப்பு படித்தவன். கட்டட நிறுவனங்களுக்குக் காட்சிப் படங்கள் வரைந்து கொடுத்துப் பல ஆண்டுகள் பிழைத்தேன். கட்டி முடிப்பதற்கு முன்பே விளம்பரத்தில் வருமே, நீல வானம், அடர்ந்த மரம், காப்பிக் கோப்பையோடு நடந்துவரும் இளைஞர், அந்த மாதிரிப் படங்கள். இப்போது சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும் பட்டறை நடத்துகிறேன். போக்குவரத்துப் பொறியியல் என் துறை இல்லை. ஒரு சிக்னலுக்கு எத்தனை வினாடி கொடுக்கலாம் என்பதில் என் பேச்சை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு படம் என்ன செய்யும், எதை மறைக்கும் என்பதில் மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

படம் ஆட்களின் மனத்தை மாற்றும் என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. இன்று எல்லாரும் போடும் ‘முன்பு, பின்பு’ படங்களுக்கு வயது 200க்கு மேல். இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹம்ப்ரி ரெப்டன் என்ற தோட்ட வடிவமைப்பாளர், நிலக்கிழார்களுக்குச் சிவப்பு அட்டை போட்ட புத்தகங்களைத் தயாரித்துக் கொடுத்தார். நீர்வண்ணப் படத்தின்மேல் ஒரு காகித மடல் ஒட்டியிருக்கும். மடல் மூடியிருந்தால் இன்றைய நிலம், தூக்கினால் அவர் தரப்போகும் நிலம். 1816இல் வந்த அவருடைய கடைசி நூலில், தன் சொந்தக் குடிசை வாசலையே இப்படி இரண்டாகக் காட்டியிருக்கிறார். ‘முன்பு’ படத்தில் வேலியை ஒட்டி உடற்குறையுள்ள ஒரு பிச்சைக்காரர் நிற்கிறார், எதிரே இறைச்சிக்கடை தெரிகிறது. மடலைத் தூக்கினால் வேலி தெருப்பக்கம் தள்ளிப் போயிருக்கிறது, ரோஜாவும் புதர்களும் நிறைந்த தோட்டம், இறைச்சிக்கடையைச் செடிகள் மறைத்துவிட்டன. பிச்சைக்காரரைக் காணோம். அவர் எங்கே போனார் என்று படம் சொல்லாது. பட்டறைகளில் இந்த இரண்டு படங்களையும் காட்டி, என்ன மாறியிருக்கிறது என்று கேட்பேன். பெரும்பாலும் பூக்களைத்தான் முதலில் சொல்வார்கள். ஆளைக் காணவில்லை என்று யாராவது கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாகும்.

இதே கண்ணோடு நம் சிங்கப்பூர்க் காட்சிப் படங்களைப் பாருங்கள். அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் பாட்டி அவற்றில் இருக்க மாட்டார். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து பேசும் வெளிநாட்டு ஊழியர்கள் இருக்க மாட்டார்கள். சக்கர நாற்காலி ஒன்று இருக்கும், அதில் ஒருவர் சிரித்துக்கொண்டிருப்பார், ஆனால் அதைத் தள்ளும் பணிப்பெண் இருக்க மாட்டார். வேண்டுமென்றே யாரும் விட்டுவிடுவதில்லை. நாங்கள் பயன்படுத்தும் ‘வெட்டி ஒட்டும் மனிதர்கள்’ தொகுப்புகளில் இவர்கள் கிடைப்பதில்லை, இருப்பவர்களை வைத்துப் படத்தை முடித்துவிடுகிறோம். வெயிலுக்கும் இதே கதிதான். வடக்கு நாடுகளை மனத்தில் வைத்து வரைந்த படங்களில் நிழல் நீளமாக, சாய்வாக விழும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும், நிழல் காலடியில் சுருங்கிவிடும். அந்த நேரத்தில் உயரமான கட்டடம் சாலைக்கு அதிகம் நிழல் தராது. மரக்கிளையோ கூரையோ நேர்மேலே இருந்தால்தான் நம்பலாம். நீளமான நிழல் போட்ட ஒரு மதியக் காட்சியை யாராவது காட்டினால், அந்தத் தெரு எவ்வளவு சுடும் என்பதை அந்தப் படம் மறைக்கிறது என்று பொருள். மழைக்கும் இப்படித்தான். ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரின் எதிர்காலப் படங்களில் தரை எப்போதும் காய்ந்தே கிடக்கிறது.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். அழகான தெருவை வரையப் போகாதீர்கள். ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் ஒரு வேலையாகப் போய்வரும் வழியை வரையுங்கள். உங்களுக்கு அம்மா இருக்கிறார். அவர் காலை 8 மணிக்குச் சந்தைக்குப் போய் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு திரும்புவதைப் படக்கதைபோல் எட்டுக் கட்டங்களில் சொல்லுங்கள். மின்தூக்கி வாசல், புளோக்கின் கீழ்த்தளம், படியா சரிவுப்பாதையா என்று அவர் தேர்ந்தெடுக்கும் இடம், கூரையிட்ட நடைபாதை, கூரை முடியும் இடம், சாலை, சந்தை வாசல், கையில் சுமையோடு திரும்புவது. ஒவ்வொரு கட்டத்தின் கீழும் மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, கை என்ன செய்கிறது, மனத்தில் என்ன கவலை. கை என்ன செய்கிறது என்பதை ஏன் கேட்கிறேன் என்றால், நம் ஊரில் அதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. சக்கர நாற்காலியைத் தள்ளுபவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும், குடை பிடிக்கக் கை இருக்காது. கூரையிட்ட நடைபாதை 300 மீட்டர் இருந்தாலும், சாலை ஓரத்தில் கடைசிப் பத்து மீட்டர் திறந்து கிடந்தால், மழையில் அவர்களுக்கு அந்த 300 மீட்டரும் பயனில்லை. நிலப் போக்குவரத்து ஆணையம் 2013இல் அறிவித்த திட்டத்தின்படி எம்ஆர்டி ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை கூரையிட்ட பாதைகள் வந்தன. பெரிய வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் கோடாகப் பார்த்தால் முழுமையாகத் தெரிவது, ஒருவரோடு கூடவே நடந்து கட்டம் கட்டமாக வரைந்தால் எங்கே அறுகிறது என்று காட்டிவிடும்.

கண் மட்டத்தையும் மாற்றுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். மூன்று வயதுக் குழந்தையின் உயரம் சராசரியாக 95 சென்டிமீட்டர். பெர்னார்ட் வான் லீர் அறக்கட்டளை அந்த அளவையே பெயராக வைத்து ‘அர்பன் 95’ என்ற நகரத் திட்டத்தைத் தொடங்கியது. கைப்பேசியை அந்த உயரத்தில் பிடித்து ஒரு படம் எடுங்கள், போதும். அலங்காரச் செடித்தொட்டி ஒரு சுவராகிவிடும். நிறுத்தியிருக்கும் கார்கள் சாலையை முழுசாக மறைத்துவிடும். வடிகால் மூடியின் கம்பி இடைவெளி, நாம் கவனிக்காமலே தாண்டிப்போவது, சின்னச் சக்கரத்துக்கும் கைத்தடி முனைக்கும் எவ்வளவு பெரிய பள்ளம் என்று தெரியும்.

சாலை கடக்கும் கட்டத்துக்கு வருவோம், அம்மாவுக்கு அதுதானே பிரச்சினை. நான்கு தடம் என்றால் தோராயமாக 14 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். வினாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் ஒருவர் 12 வினாடியில் கடந்துவிடுவார். முட்டிவலியோடு வினாடிக்கு 0.7 மீட்டர்தான் முடியும் என்றால் 20 வினாடி. இந்த எட்டு வினாடியை ஒரே படத்தில் காட்ட முடியாது. கதையாக்கினால் முடியும். ஒரே அளவில் நான்கு சிறு கட்டங்கள் போடுங்கள்: 5ஆவது வினாடி, 10ஆவது, 15ஆவது, 20ஆவது. முதல் கட்டத்தில் எல்லாரும் சேர்ந்து இறங்குகிறார்கள். மூன்றாவது கட்டத்தில் சாலையில் அம்மா மட்டும். படம் அதற்குமேல் எதையும் சொல்லத் தேவையில்லை. (வெள்ளிவிழாப் பேச்சுப்போல் கீழே நாலு வரி கண்ணீர் வசனம் எழுதிவிடாதீர்கள், அது எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.) இடையில் ஒன்று: 2009இல் தொடங்கிய ‘கிரீன் மேன் பிளஸ்’ வசதி உங்கள் சாலையில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பத்தில் உள்ள கருவியில் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 வினாடி வரை பச்சை நீளும். எல்லாக் கடப்பிலும் கிடையாது. இருந்தும் அம்மாவுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் கண்காட்சியின் முதல் பலகையே அதுவாக இருக்கலாம்.

இப்போது சிக்கலான பகுதி. ‘எல்லாருக்கும்’ என்று எழுதுவது சுலபம், வரைந்தால்தான் யாருக்கும் யாருக்கும் இடையில் சண்டை என்று தெரியும். லிட்டில் இந்தியாவின் அஞ்சடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியாக ஒரு கூரையிட்ட வழி இருக்க வேண்டும் என்பது 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்குத் தந்த கட்டளைகளிலேயே இருக்கிறது. வெயிலுக்கும் மழைக்கும் இதைவிடப் பொருத்தமான யோசனை இன்றுவரை வரவில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தரைமட்டம் ஒரு மாதிரி. ஒன்று அரை அடி ஏறும், அடுத்தது இறங்கும். நடந்து போனால் கால் தானாகச் சமாளித்துக்கொள்ளும், நாற்காலிச் சக்கரம் சமாளிக்காது. அப்புறம் காய்கறிப் பெட்டிகள், பூமாலைத் தட்டிகள், துணி மாட்டிய கம்பிகள். அவற்றை அகற்றினால் வழி கிடைக்கும், ஆனால் நாம் தேக்காவுக்குப் போவதற்கான காரணம் பாதி போய்விடும். இந்த வழக்கும் புதிதில்லை. 1888 பிப்ரவரியில் அஞ்சடியில் பொருள் வைப்பதை அகற்ற நகராட்சி கிளம்பியபோது கடைகள் அடைக்கப்பட்டன, கலவரமே நடந்தது. கடைசியில் பொருளும் இருக்கலாம், நடக்க வழியும் விட வேண்டும் என்ற சமரசத்துக்கு வந்தார்கள். உங்கள் கண்காட்சியிலும் இப்படி ஒரு சண்டை வரும். உணவு விநியோகம் செய்பவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? 2019 நவம்பர் 5 முதல் நடைபாதையில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தபோது பாதசாரிகள் நிம்மதியானார்கள், அதை வைத்துப் பிழைத்தவர்கள் தவித்தார்கள். இரண்டும் உண்மை. அதே தெருவை அம்மாவின் எட்டுக் கட்டமாகவும், விநியோக ஊழியரின் எட்டுக் கட்டமாகவும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். எந்தக் கட்டத்தில் இருவரும் மோதுகிறார்களோ அங்கேதான் வடிவமைப்பு தேவைப்படுகிறது.

படம் காட்டி எதுவும் மாறியிருக்கிறதா என்று கேட்டீர்களே, இதில் உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்கிறேன். வண்டிகளிடமிருந்து தெருவை எடுத்து நடப்பவர்களுக்குக் கொடுத்த ஊர்கள் பலவற்றில், முதலில் அதைத் தற்காலிகமாகச் செய்து காட்டினார்கள் என்பது உறுதி. கோப்பன்ஹேகனின் ஸ்ட்ரோயே தெருவை 1962இல் சோதனையாகத்தான் மூடினார்கள், கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று எதிர்த்தார்கள். நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009இல் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை மூடியபோது நிரந்தர இருக்கைகள் தயாராக இல்லை. மலிவான மடக்கு நாற்காலிகளைச் சாலையில் போட்டார்கள், மக்கள் உட்கார்ந்துவிட்டார்கள், அடுத்த ஆண்டு அது நிரந்தரமானது. இவையும் என்னைப் பொறுத்தவரை காட்சிக்கதைதான், காகிதத்தில் வரையாமல் சாலையிலேயே அசல் அளவில் சொன்ன கதை. நம் ஊரில் 2016இல் தொடங்கிய ‘கார் இல்லா ஞாயிறு’ அதே வகை. பென்கூலன் ஸ்திரீட் வேறு வழியில் மாறியது: டௌன்டவுன் எம்ஆர்டி பாதை வேலைக்காக நீண்ட காலம் தடங்கள் அடைபட்டிருந்தன, 2017இல் மறுபடி திறந்தபோது நான்கு தடம் இரண்டாகி, மிச்ச இடம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் போனது. ஆனால் ஒரு அக்கம்பக்கக் குழு மாட்டிவைத்த படத்தால்தான் ஒரு சாலை மாறியது என்று விரல் நீட்டிக் காட்ட என்னால் முடியாது. விபத்துக் கணக்கு, பட்ஜெட், நடக்கிற வேறு கட்டுமானம் என்று பல காரணங்கள் ஒன்றாகச் சேரும்போது, தயாராக இருந்த படம் பயன்படுகிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இரண்டு படங்களை வைத்து ‘எது பிடிக்கிறது’ என்று ஒட்டுவில்லை போடச் சொல்லும் முறையை எல்லாக் கண்காட்சியிலும் பார்க்கிறேன். அதை நான் நம்புவதில்லை. ஒன்றில் வெயில், இன்னொன்றில் மேகமூட்டம் இருந்தாலே முடிவு சாய்ந்துவிடும். ஒன்றில் குழந்தை இருந்தால் கேட்கவே வேண்டாம். ‘இந்தக் கதையில் நீங்கள் எந்தக் கட்டத்தில் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவீர்கள்’ என்று கேளுங்கள். ஒட்டுவில்லைகள் ஒரே கட்டத்தில் குவிவதைப் பார்ப்பீர்கள்.

வரையத் தெரியாது என்பது தடையே இல்லை. நீங்கள் எடுத்த புகைப்படத்தை அச்செடுத்து, மேலே டிரேசிங் தாள் வைத்து, கறுப்பு மார்க்கரால் முக்கியக் கோடுகளை மட்டும் இழுங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். அரைகுறையாக இருக்கும் படத்தில்தான் வருகிறவர்கள் பேனாவை வாங்கி, இங்கே ஒரு இருக்கை வேண்டும் என்று போடுவார்கள். பளபளவென்று முடிந்த படத்தின் முன்னால் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போய்க் கேமராவை அம்மா கையிலேயே கொடுத்துவிடலாம். 1990களில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் நாளைத் தாங்களே படம் பிடிக்கச் சொன்னார்கள். வயல் வேலை நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பது போன்ற விஷயங்கள் அதிகாரிகள் முன்னால் படமாக வந்தன. ‘ஃபோட்டோவாய்ஸ்’ என்று அந்த முறைக்குப் பெயர். கைப்பேசி இருக்கும் காலத்தில் இதற்குச் செலவே கிடையாது.

இந்த முறைக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு: பார்வையற்றவர்களைப் படக் கண்காட்சி வாசலிலேயே நிறுத்திவிடும். இதை எப்படி முழுசாகச் சரிசெய்வது என்பதில் எனக்கு அனுபவம் குறைவு. பார்வைக்குறையுள்ள ஒருவரோடு அதே வழியில் நடந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து, கட்டங்களோடு சேர்த்து ஒலிக்கவிடுவதுவரை செய்திருக்கிறேன். பார்வையற்றவர்கள் காலால் உணர்ந்து நடக்கும் தொடுகல் பாதை எங்கே சட்டென்று நின்றுபோகிறது, எங்கே சிக்னல் ஒலி லாரிச் சத்தத்தில் அமுங்குகிறது என்பதை வந்தவர்கள் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒலியை மட்டும் வைத்து ஒரு மூலை ஒதுக்குங்கள். அதைத் திட்டமிடும்போதே அவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், திறப்புவிழாவுக்குக் கூப்பிடுவதோடு நிறுத்தாதீர்கள்.

சரி, ஏஐ. முதல் படத்துக்கு வேண்டாம். உங்கள் தெருவை அதற்குத் தெரியாது. கேட்டால் ஏதோ ஒரு வெப்பமண்டல நகரத்தைத் தரும், சரிவுப்பாதை இருக்கும், ஆனால் அது எங்கேயும் போய்ச் சேராது, வடிகாலே இருக்காது, மூத்தோர் எல்லாரும் நிமிர்ந்து நடப்பார்கள். அம்மாவின் எட்டுக் கட்டமும் கையால் முடிந்த பிறகு, மாற வேண்டிய ஒரே ஒரு கட்டத்தின் புகைப்படத்தைக் கொடுத்து, ‘சாலை நடுவில் நின்று இளைப்பாற ஒரு திட்டு சேர்’ என்ற அளவில் கேட்டால் பயன்படும். அதிலும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, காணாமல் போனவர் யார் என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். எந்தச் செயலி என்பது பெரிய விஷயமில்லை, கையில் இருப்பது போதும்.

கண்காட்சி முடிந்ததும் படங்களைச் சுருட்டிவைத்துவிடாதீர்கள். எட்டுக் கட்டமும் ஒரே இடத்துக்குப் போகக் கூடாது. புளோக் அடியில் உள்ள படி, சரிவுப்பாதை, வளாகத்துக்குள் இருக்கும் கூரை எல்லாம் நகர மன்றம். சாலை, சிக்னல், நடுத்திட்டு நிலப் போக்குவரத்து ஆணையம். சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகம். அந்தந்தக் கட்டத்தின் பின்பக்கம் இடம், நேரம், எடுத்த தேதி, கூட நடந்தவர்கள் சொன்னது ஆகியவற்றை எழுதி, சம்பந்தப்பட்டவர்களுக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் அனுப்புங்கள். முழுக் கதையும் இணைப்பாகப் போகட்டும். அடையாளம் தெரிகிற முகம் யாருடையதாவது இருந்தால் முதலில் அனுமதி வாங்குங்கள், அம்மா உட்பட. ஏ3 தாளா, திரையில் ஓடும் ஸ்லைடா என்றும் கேட்டிருந்தீர்கள்: ஏ3 தாள்தான், சுவரில் 1.2 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள், பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு பேனா.